காதர் பாய் மாட்டிய நீல வயர்

லப்பைக்குடிக்காட்டில் மைமூன் அம்மா வீட்டில் ஒரு தடவை மாட்டிய எதையும் கழற்ற மாட்டார்கள். மாடியில் துருப்பிடித்த பெரிய டிஷ் ஒன்று நிற்கும். பக்கத்தில் சின்ன டிஷ். இரண்டுக்கும் கீழே இருக்கும் டிவிக்கும் பேச்சுவார்த்தை அறுந்து வெகுகாலம் ஆகிறது. கூடத்தில் டயல் டோன் வராத போன், அதன் தலையில் பூப்போட்ட துணி. உள் அறையில் லேப்டாப் மேஜைக்கு மேலே பழைய கம்பெனி மோடம், அதிலிருந்து மேஜைக்குத் தொங்கும் ஒரு நீல வயர். அதன் லைன் செத்துவிட்டது. ஆனால் கரண்ட் போகிறது, அதனால் விளக்குகள் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். எல்லாம் அவர் வீட்டுக்காரர் காதர் பாய் துபாயிலிருந்து லீவில் வரும்போது தன் கையால் மாட்டியவை. லீவுக்கு ஒரு சாமான்.

நான் அங்கே புது ஃபைபர் லைன் இழுக்கப் போன அன்று, பழைய மோடத்தைக் கழற்றிவிடட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும் தம்பி. அது என்ன சோறா கேக்குது?" என்றார் மைமூன் அம்மா.

அது சோறு கேட்கவில்லை. ஆனால் அந்த வீட்டுப் பெண்ணின் நிக்காஹ் அன்று எல்லாரையும் சோற்றுக்கு முன்னால் நெடுநேரம் காக்கவைத்தது. லைன் வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்கு அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

1. கம்பியும் காத்தும்

எனக்கு ஊர் வரதராஜன்பேட்டை. பெயர் சவரிமுத்து. படிப்பு ஐந்தாம் வகுப்பு. கேபிள் டிவி காலத்தில் மரத்தில் ஏறி வயர் கட்டும் வேலைக்கு வந்தேன். கேபிள் போய் இன்டர்நெட் வந்தபோது, முதலாளி பழைய ஏணியையும் என்னையும் மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டார். ஆபீஸ் பெரம்பலூரில். வேலை பெரம்பலூர், அரியலூர் இரண்டு பக்கமும்.

எனக்குக் கூச்சம் அதிகம். கதவைத் தட்டிவிட்டு, யார் என்று கேட்டாலும் உடனே வார்த்தை வராது. ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு வீட்டில் என்னைக் கல்யாணத் தரகர் என்று நினைத்து உட்காரவைத்து, காபி கொடுத்து, பெண்ணின் ஜாதகத்தையும் எடுத்து வந்துவிட்டார்கள். காபியைக் குடித்து முடித்த பிறகுதான் மோடம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். முதலாளி அதை இன்னும் விடவில்லை. புதிதாக யார் வேலைக்கு வந்தாலும், "அண்ணன்கிட்ட ஜாதகத்தைக் குடுத்து வை" என்பார்.

எங்கள் ஆபீஸில் வயர் வழியாக வரும் நெட்டுக்குக் கம்பி என்று பெயர். வைஃபைக்குக் காத்து. இந்தப் பெயர் வாடிக்கையாளர்களுக்கும் பரவி, "வூட்டுல ரெண்டு நாளா காத்து நிக்கலை" என்று போன் வரும். ஃபேனா, பேயா, நெட்டா என்று முதலாளி கேட்டுக்கொண்டுதான் ஆளை அனுப்புவார்.

கம்பிக்கும் காத்துக்கும் உள்ள உறவை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே போனில் வைஃபை நன்றாக வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் எதுவும் திறக்கவில்லை. ரூட்டரை மாற்றினேன். இடத்தை மாற்றினேன். கடைக்காரர் தன் பங்குக்குச் சாமி படத்தை மாற்றி வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தால், கம்ப்யூட்டரின் பின்னாலிருந்து ஒரு வயர் கிளம்பி, லைன் இல்லாத ஒரு பழைய பெட்டிக்குள் போயிருந்தது. அதைப் பிடுங்கியதும் எல்லாம் திறந்தது.

"இத்தனை நாளா சொருகுனா வரும்னு சொன்னீங்க. இப்பப் புடுங்குனா வரும்ங்கிறீங்க. என்னய்யா உங்க தொழிலு?" என்றார் கடைக்காரர்.

சாயங்காலம் முதலாளி விளக்கினார். கம்பியும் காத்தும் சேர்ந்து இருந்தால் கம்ப்யூட்டர் முதலில் கம்பியைத்தான் பிடிக்கும். கம்பி வேகமானது, நிலையானது என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தக் கம்பியின் மறுமுனையில் உயிர் இருக்கிறதா என்று அது பெரும்பாலும் கவலைப்படாது. பெட்டியில் விளக்கு எரிந்தால் போதும், லைன் இருக்கிறது என்று நம்பி அங்கேயே நிற்கும். பக்கத்தில் காத்து அடித்துக்கொண்டிருந்தாலும் திரும்பிப் பார்க்காது.

2. ஒத்திகை

மைமூன் அம்மா மகள் நிலோபருக்கு நிக்காஹ் வைத்தார்கள். காதர் பாய்க்கு லீவு கிடைத்திருந்தது. ஆனால் அவர் ஓட்டும் பஸ்ஸுக்கு மாற்று டிரைவர் வராததால் கடைசி நேரத்தில் லீவு ரத்தாகிவிட்டது. பெண் இரண்டு நாள் அழுதாளாம். மூன்றாம் நாள் ஒரு முடிவு சொன்னாள். நிக்காஹ் நடக்கட்டும், ஆனால் அத்தா முகத்தைப் பார்த்த பிறகுதான் சம்மதம் சொல்வேன் என்று. குரல் மட்டும் போதாதா என்று கேட்டதற்கு, "குரலைத்தான் தினமும் கேக்குறேனே" என்றாளாம்.

அதனால் வீடியோ கால். அதனால் நான். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "கல்யாணம் முடியுற வரைக்கும் அங்கயே நில்லு. பிரியாணி போட்டாத்தான் கிளம்பணும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "வாயைத் தெறந்து கேட்டாத்தான் போடுவாங்க, மறந்துறாதே" என்றும் சொன்னார்.

முதல் நாள் ஒத்திகை பார்த்தோம். லேப்டாப்பை உள் அறை மேஜையிலிருந்து எடுத்துக் கூடத்தில் வைத்தார்கள். என் ரூட்டர் கூடத்துச் சுவரில்தான் இருக்கிறது. படம் கண்ணாடி மாதிரி வந்தது. காதர் பாய் டிரைவர் சட்டையோடு சிரித்தார். "சவரி, நாளைக்கு மட்டும் அறுந்துச்சுன்னா, உன்னைத் துபாய்க்கு இழுத்து என் பஸ்ஸுக்குக் கிளீனரா போட்டுருவேன்" என்றார். நான் சிரித்தேன். ஒத்திகையில் நான் பேசியது அவ்வளவுதான்.

நான் கவனிக்காதது ஒன்று. ஒத்திகை நடந்தது கூடத்தில். நிக்காஹ் அன்று பெண் உட்காரப்போவது உள் அறையில்.

3. நீல வயர்

அன்று காலை கூடத்தில் ஆண்கள். உள் அறையில் பெண்கள். நடுவில் கதவுக்குப் பச்சைத் திரை. யாரும் பெண்ணைப் படம் எடுக்கக்கூடாது என்று மைமூன் அம்மா உள்ளே வந்த பெண்களின் போன்களை எல்லாம் வாங்கி பீரோவில் போட்டுப் பூட்டிவிட்டார். ஆண்கள் போன் திரையைத் தாண்டக்கூடாது. பெண்ணுக்கு வக்கீல் அவளுடைய சாச்சா, அதாவது காதர் பாயின் தம்பி. வக்கீல் என்றால் கோர்ட்டு வக்கீல் இல்லை. சாட்சிகளோடு போய்ப் பெண்ணிடம் சம்மதம் கேட்டு வருகிறவர். அவரிடம் இருந்தது பட்டன் போன். அதில் படம் வராது. ஆக அத்தா முகம் வருவதற்கு அந்த வீட்டில் ஒரே வழி லேப்டாப்தான்.

மாப்பிள்ளை வந்துவிட்டார். நிக்காஹ் நடத்திவைக்கும் அஜரத்தும் வந்துவிட்டார். சாச்சா திரைக்கு வெளியே நின்று சம்மதம் கேட்டார். உள்ளேயிருந்து பதில் இல்லை. பிறகு மைமூன் அம்மாவின் குரல் வந்தது. படம் வரவில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடானது. ரூட்டரைப் பார்த்தேன், எல்லா விளக்கும் பச்சை. என் போனில் பார்த்தேன், நெட்டு நன்றாக ஓடுகிறது. காத்து சரி. அப்படியென்றால் சந்தேகம் ஒன்றுதான். அரியலூர் ஜெராக்ஸ் கடை நினைவுக்கு வந்தது.

உள்ளே போக முடியாது. திரைக்கு அருகில் போய், தரையைப் பார்த்துக்கொண்டு, "அம்மா, லேப்டாப்புல கம்பி ஏதாச்சும் சொருகியிருக்கா?" என்று கேட்டேன். என் சத்தத்தில்தான். உள்ளே ஒரு பெண் சொன்னது கேட்டது: "வெளிய பூனை ஏதோ கத்துது, பாருங்க." எல்லாரும் சிரித்தார்கள்.

மைமூன் அம்மா திரைப்பக்கம் வந்தார். இரண்டாம் முறை கேட்டேன்.

"சொருகாம? காத்தை மட்டும் நம்பிக் கல்யாணம் பண்ண முடியுமா? ரெண்டும் இருந்தா பலமா இருக்குமேன்னு நான்தான் சொருகுனேன்."

"அது ரெண்டையும் புடிக்காதும்மா. ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் புடிக்கும். கம்பியைப் பாத்துட்டா காத்தை விட்டுரும். அந்தக் கம்பியில லைன் இல்லை."

"பழசைப் புடிச்சுக்கிட்டுப் புதுசை விட்டுருதா?"

"ஆமாம்மா."

"எங்கூர் ஆம்பளைங்களை விட யோக்கியமாத்தான் இருக்கு."

உள்ளே சிரிப்பு வெடித்தது. கூடத்தில் சில ஆண்கள் திடீரென்று மேலே ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் மட்டும் தரையை விடவில்லை. நீல வயரைப் பிடுங்கச் சொன்னேன். அவர் உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் வாசல் பந்தலில் சீரியல் செட்டு மொத்தமும் அணைந்தது. உள்ளே ஒரு பெண் வேறொரு நீல வயரைப் பிடுங்கியிருக்கிறாள். சீரியல் செட்டுக்கு ஜன்னல் வழியாக உள் அறைப் பிளக்கிலிருந்துதான் லைன் கொடுத்திருந்தார்கள். அதுவும் நீலம். நான் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியிருக்கலாம். லேப்டாப்பில் சொருகிய நீல வயர் என்று சொல்லியிருக்கலாம். பேசுவதில் சிக்கனம் செய்தால் இப்படித்தான்.

வெளியே சீரியல் செட்டுக்காரர் விளக்கு அணைந்ததைப் பார்த்தார். கரண்ட் போய்விட்டது என்று ஓடிப்போய் வீட்டு லைன் முழுவதையும் ஜெனரேட்டருக்கு மாற்றிவிட்டார். மாற்றுகிற அந்த ஒரு நொடியில் வீடே அணைந்து எரிந்தது. என் ரூட்டரும் அணைந்து எரிந்தது. ரூட்டர் அணைந்து எரிந்தால் உடனே வேலைக்கு வராது. தூங்கி எழுந்த மாப்பிள்ளை மாதிரி நிதானமாகத்தான் ஒவ்வொரு விளக்காகப் போடும். சீரியல் செட்டுக்காரர் உள்ளே வந்து, "கரண்ட் போனதே தெரியாம மாத்திட்டேன் பாத்தீங்களா?" என்று பெருமையாகக் கேட்டார். அவருக்கு உண்மையைச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

அப்போது சாச்சாவின் பட்டன் போன் அடித்தது. காதர் பாய். கம்பெனி ஆட்கள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், இனி அதிக நேரம் நிறுத்த முடியாது, என்ன ஆயிற்று என்று கேட்டார். பஸ் கிளம்பினால் அவர் இறங்கும்போது இங்கே மாப்பிள்ளை வீட்டார் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அஜரத் தொண்டையைக் கனைத்தார். மாப்பிள்ளையின் அப்பா கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஆனால் கடிகாரம் இருக்கும் சுவரைப் பார்த்தார்.

ரூட்டர் எழுந்தது. எல்லாம் பச்சை. ஆனாலும் உள்ளே படம் வரவில்லை. நீல வயரைப் பிடுங்கியாச்சா என்று திரையிடம் கேட்டேன். கல்யாணப் பெண்ணே பதில் சொன்னாள்.

"அம்மா புடுங்க விடமாட்டேங்குறாங்க, அண்ணே."

மைமூன் அம்மா திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். இந்த முறை கேலி இல்லை. "நேத்து லேப்டாப்பைக் கூடத்துக்கு எடுக்கக் கழட்டுனதே எனக்குப் பொறுக்கலை, அதான் திரும்பச் சொருகுனேன்; அது அவங்க கையால மாட்டுனது தம்பி. போன லீவுல, கிளம்புற அன்னிக்கு மாட்டிட்டுப் போனாங்க. ஆளும் இல்லாத நேரத்துல, நல்ல நாளும் அதுவுமா அதைப் புடுங்குறது எனக்கு மனசு ஒப்பலை. வேற வழி பாரு."

மோடத்தின் சுவிட்சை அணைத்தாலும் போதும் என்றேன். விளக்கை அணைப்பது அதைவிட மோசம் என்றார். ஜெனரேட்டர் மாற்றியபோது அந்த விளக்கும் ஒரு தடவை அணைந்துதான் எரிந்தது. அதை நான் சொல்லவில்லை. சில விஷயங்களில் பேசாமலிருப்பதும் நல்லதுதான்.

என் தொழிலில் எனக்குத் தெரிந்த வழிகள் அத்துடன் தீர்ந்துவிட்டன. அப்புறம் நான் செய்தது எனக்கே ஆச்சரியம். சாச்சாவிடம் போய்க் கையை நீட்டினேன். அவர் போனைக் கொடுத்தார். கூடத்தில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, காதர் பாயிடம் பேசினேன்.

"பாய், சவரிங்க. லைன் நல்லா இருக்குங்க. நீங்க மாட்டுன நீல வயருதான் குறுக்க நிக்குது. அம்மா அதைப் புடுங்க மாட்டேங்குறாங்க."

அந்தப் பக்கம் பஸ் இன்ஜின் ஓடுவது கேட்டது. அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தமா சிரிப்பா என்று தெரியாத ஒன்று கேட்டது. ஸ்பீக்கரில் போடச் சொன்னார். சாச்சா போனைத் திரைக்குள் நீட்டினார்.

"மைமூன், என்னைப் பாக்கணும்னா நான் மாட்டுனதைப் புடுங்கு."

"நீங்க வந்து மாட்டுவீங்களா?"

"இன்ஷா அல்லாஹ். வந்ததும் மொத வேலை அதான்."

கூடமே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நெட்டுக்குப் போடும் லேன் வயரின் முனையில் சின்னக் கிளிப் ஒன்று இருக்கும். அதை அமுக்கி இழுத்தால் டக் என்று ஒரு சத்தம் வரும். எத்தனையோ முறை நானே செய்து கேட்ட சத்தம். அன்று திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

அழைப்பு மணி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. அப்புறம் காதர் பாயின் குரல் பட்டன் போனிலும் லேப்டாப்பிலும் ஒரே நேரத்தில் இரண்டாக வந்தது. சாச்சா அவசரமாகப் போனை அணைத்தார்.

உள்ளே என்ன தெரிந்தது என்று நான் பார்க்கவில்லை. காதில் விழுந்தது மட்டும் சொல்கிறேன். முதலில் நிலோபர் பேசினாள். "அத்தா, தொப்பி கோணலா இருக்கு." அவர் சரி செய்திருக்க வேண்டும். "இப்ப?" என்றார். "இன்னும் கொஞ்சம்" என்றாள். பின்னால் பல ஆண்கள் சிரித்தார்கள். பஸ்ஸில் உட்கார்ந்திருந்த ஆட்கள் எல்லாம் எட்டிப் பார்க்கிறார்கள் என்று மைமூன் அம்மா சொல்லி, பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்ட வளையல் சத்தம் கேட்டது. சாச்சா மறுபடி சம்மதம் கேட்டார். பதில் இந்த முறை உடனே வந்தது.

நான் ரூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பச்சை விளக்கு பச்சையாகவே இருந்தது. எனக்கு மட்டும் அது கொஞ்சம் கலங்கித் தெரிந்தது. பிரியாணி வாசனையில் கண் கரித்திருக்கலாம்.

4. தம்பிகளுக்கு

வேலையில் நான் அன்று கற்றது இது. கம்பியும் காத்தும் சேர்ந்தால் இரட்டை பலம் இல்லை. எதைப் பிடித்திருக்கிறது என்று முதலில் பார். வேண்டாத வழியை மூடு. பேச்சு ஆரம்பிக்கும் முன்னே மூடு. நடுவில் மாற்றினால் பேச்சு அறுந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஒத்திகையை உண்மையாக உட்காரப்போகிற இடத்திலேயே பார். பிடுங்கச் சொல்லும்போது நிறத்தை மட்டும் சொல்லாதே, எதில் சொருகியிருக்கிறது என்றும் சொல். யார் மாட்டியது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள். இதற்கெல்லாம் வாயைத் திறக்க வேண்டும். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம்.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது மைமூன் அம்மா கூப்பிட்டார். அறை காலியாக இருந்தது. நீல வயரின் முனை மேஜையோரம் தொங்கியது. "மாட்டிராதே தம்பி. பாக்க மட்டும் மாட்டுன மாதிரி வை. அவங்க வந்து மாட்டுவாங்க" என்றார். நான் முனையை ஓட்டையில் சொருகாமல் லேப்டாப்புக்குப் பின்னால் வைத்து, டேப் ஒட்டிவிட்டு வந்தேன்.

பல மாதம் கழித்து ஆபீஸுக்கு ஒரு கம்ப்ளெயின்ட் வந்தது. லப்பைக்குடிக்காடு, லேப்டாப்பில் நெட்டு வரவில்லை. பேசியது ஆண் குரல் என்றார் முதலாளி. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

போனேன். காதர் பாய் கைலியோடு வாசலுக்கு வந்தார். கையில் ஸ்க்ரூ டிரைவர். உள்ளே அழைத்துப்போய்க் காட்டினார். நான் ஒட்டிய டேப்பைக் கிழித்து, நீல வயரை லேப்டாப்பில் கிளிப் விழும்வரை அழுத்திச் சொருகியிருந்தார். மேலே மோடம் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"நீ சரியாவே மாட்டலை சவரி. நான் மாட்டிட்டேன். ஆனா நெட்டு போயிருச்சு" என்றார்.

நான் வயர் பக்கம் கையைக் கொண்டுபோனேன். அடுப்படியிலிருந்து மைமூன் அம்மா குரல் கொடுத்தார்.

"அதைத் தொடாதே தம்பி. அவங்கதான் வந்துட்டாங்களே. இனி யாரைப் பாக்க நெட்டு? லீவு முடிஞ்சப்புறம் வந்து கழட்டு. இப்ப டீ குடிச்சுட்டுப் போ."

டீ குடித்தேன். திரும்பி வந்ததும் முதலாளி என்ன ரிப்பேர் என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க. லைன் நல்லா இருக்கு" என்றேன்.